வீட்டுக்குள் இருந்தும் கைக்கு எட்டாத பூனைகள்: கிளிநொச்சிக் குடும்பம் ஒன்றின் அனுபவம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தில் இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிராமம் ஒன்றில், ஒரே வீட்டுக்குள் வாழ்ந்தும் அந்த வீட்டார் எவரையும் அண்டவிடாதிருந்த ஐந்து பூனைகளைப் பற்றிய பதிவு இது. தாய், தகப்பன், அம்மம்மா, உயர்தரம் படிக்கும் மூத்த மகள், ஒன்பது வயது இளைய மகன் என வீட்டில் ஐவர். வீடு மீள்குடியேற்றத்தின் பின்னர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்டது. குசினி மட்டும் பின்புறத்தில் தனியாக, ஓலை வேய்ந்து, மேலே விறகு அடுக்கும் பரணுடன் இருந்தது. வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் இடையில் காற்றுக்காக விடப்பட்ட இடைவெளிதான் பூனைகளின் வாசல்.

காலபோக அறுவடை முடிந்ததும் விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் சிறிய அறைக்குள் மூட்டைகளாக அடுக்கப்படும். நெல் வந்தால் எலி வரும், எலி வந்தால் பூனை வரும். வயல் செய்யும் குடும்பங்களுக்கு எலிக்காய்ச்சல் பற்றிய பயம் எப்போதும் உண்டு. போகத்துக்கு முன்னர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக டொக்சிசைக்கிளின் குளிசை வாங்கி விழுங்கிவிட்டே பலர் சேற்றில் இறங்குகின்றனர். ஆகவே எவரும் வளர்க்காத ஒரு பெட்டைப்பூனை நெல்லறையில் குடியேறியபோது அதனை எவரும் துரத்தவில்லை, எவரும் பழக்கவுமில்லை. அதன் முந்திய ஈற்றில் தப்பிய கறுப்பு வெள்ளைப் பெட்டைக்குட்டி ஒன்று, அப்போது ஏறத்தாழ ஐந்து மாத வயதில், அதே வீட்டுக்குள் அரிசிப் பீப்பாவின் பின்னால் வாழ்ந்து வந்தது.

நிகழ்வின் தொடக்கம்

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தாய்ப்பூனை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று குட்டிகளை ஈன்றது. குட்டிகளின் சத்தம் கேட்ட இளைய மகன் மூட்டை இடுக்கினுள் கையை விட, தாய்ப்பூனை அவனது பெருவிரலின் அடியில் கடித்தது. பல் பதிந்த இரண்டு சிறு துளைகளைத் தவிர வெளியே பெரிய காயம் இல்லை. அம்மம்மா மஞ்சள் அரைத்துப் பூச முற்பட்டார். மூத்த மகள் அதனைத் தடுத்து, குழாய்க்கிணற்றடிக்குத் தம்பியைக் கொண்டுபோய், சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் ஓடும் நீரில் கழுவினாள். அவள் செய்ததே சரியான முதலுதவி. பூனையின் ஊசிப்பல் ஆழத்தில் கிருமியை விட்டுச் செல்வதால் துளை சிறிதாக இருப்பது ஆறுதல் தரும் விடயமல்ல. விசர்நோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். அன்றே அரச வைத்தியசாலையில் விசர்நோய்த் தடுப்பூசி தொடங்கப்பட்டது. அது அங்கே இலவசமாகவே போடப்படுகின்றது. கடித்த பூனையை 14 நாட்கள் அவதானிக்குமாறும் கூறப்பட்டது.

மாலையில் குடும்பத் தலைவர் சாக்குடன் நின்றார். பூனைகளைக் கட்டிக்கொண்டுபோய்க் காட்டோரமாக விட்டுவிடுவதே அவரது முடிவு. இப்பகுதியில் கால்நடை வளர்ப்போருடன் பணியாற்றுபவன் என்பதால் என்னைத் தாயார் தொலைபேசியில் அழைத்தார்: “தம்பி, இவர் சாக்கோட நிக்கிறார், ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்கோ.”

அன்றிரவே தாய்ப்பூனை குட்டிகளைக் கழுத்தில் கவ்வி ஒவ்வொன்றாகக் குசினிப் பரணுக்கு மாற்றிவிட்டது. அதனால் சாக்குக்கு உடனடி வேலை இல்லாமற் போனது.

முதலில் அவதானிக்கப்பட்டவை

எதையும் செய்வதற்கு முன்னர் சில நாட்கள் பார்த்து எழுதும்படி மூத்த மகளிடம் கேட்டுக்கொண்டேன். எந்தப் பூனை, எந்த நேரம், எங்கே, எவர் எவ்வளவு தூரத்தில் வந்தபோது விலகியது என்பவற்றை அவள் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினாள். விலகிய இடத்தைச் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் குறித்து, பின்னர் சாணால் அளந்தாள்.

தாய்ப்பூனையும் கறுப்பு வெள்ளைப் பெட்டையும் ஒரே அளவு வெருட்சி உடையவை என்றே வீட்டார் நினைத்திருந்தனர். கொப்பி வேறுவிதமாகக் காட்டியது. ஆள் விறாந்தையில் கால் வைத்ததும் தாய்ப்பூனை சுவர் இடைவெளியால் வெளியே போய்விடும். அதற்கு வீடு ஒரு வேட்டைக்களம், அவ்வளவே. பெட்டையோ வெளியே போகவில்லை. பீப்பாவின் பின்னால் காதை மடித்து, கண்மணி கறுத்து விரிய, ஆட்கள் போகும்வரை அசையாமற் கிடந்தது. விளக்கணைந்த பின்னரே சாப்பிட்டது. அடைக்கலமும் பயமும் அதற்கு ஒரே இடத்தில் இருந்தன. வீட்டுக்குள் வாழும் வெருண்ட பூனைகளில் அதிகம் துன்பப்படுவது இத்தகையதே என்பது எனது கருத்து. ஓடிப்போகும் பூனை ஓடியதும் ஆறிவிடும், ஒளிந்திருக்கும் பூனைக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை.

கொப்பியில் இன்னொரு குறிப்பும் இருந்தது. காலையில் அம்மம்மா திருவலையில் குந்தித் தேங்காய் துருவும்போது மட்டும் அந்தப் பெட்டை அறை வாசற்படி வரை வந்து உட்கார்ந்திருந்தது. அவர் நிலத்தோடு தாழ்ந்து இருந்தார், கண் தேங்காயில் இருந்தது, கை ஒரே தாளத்தில் அசைந்தது, பூனையை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பூனையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பின்னால் திரிந்த இளைய மகனிடமோ பால் வைத்த தாயாரிடமோ அது வரவில்லை.

அயலவர் ஒருவர் இவை காட்டுப்பூனைக் குட்டிகளாக இருக்கலாம் என்றார். அந்த ஐயம் வன்னியில் தள்ளிவிடக் கூடியதல்ல. சிறுத்தையைத் தவிர மீன்பிடிப்பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப்பூனை ஆகியனவும் இலங்கையில் காட்டில் வாழ்வன. அவற்றின் குட்டிகளை வீட்டில் வைத்திருப்பது சட்டத்துக்கு முரணானது. தாய் நெல்லறையில் ஈன்றதை வீட்டார் கண்டிருந்ததாலும், குட்டிகளில் இரண்டு செம்மஞ்சள் நிறமாகவும் ஒன்று மூன்று நிறமாகவும் இருந்ததாலும் இவை வீட்டுப்பூனை இனமே என்பதில் ஐயம் இருக்கவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

குடும்பத்தார் அனைவரும் இருந்து கதைத்தனர். சாக்கில் கட்டிக் காட்டில் விடுவதை மூன்று காரணங்களால் கைவிடும்படி கூறினேன். அவதானிப்பில் இருக்கும் பூனையைக் காணாமற் செய்தால் மகனின் சிகிச்சைக்கான ஒரு தகவல் இல்லாமற் போகும். தாயில்லாத குட்டிகள் பரணிலேயே செத்துப் போகும். நெல்லும் எலியும் இருக்கும்வரை வெறுமையான இடத்துக்கு வேறொரு பூனை வந்தே தீரும், அதுவும் வெருண்ட பூனையாகவே வரும். கடைசிக் காரணமே தகப்பனாரை இணங்கச் செய்தது.

மூன்று வகைப் பூனைகளுக்கும் வெவ்வேறு இலக்கு வைக்கப்பட்டது. 1980களில் அமெரிக்காவின் ரெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகளின்படி, குட்டி மனிதருடன் எளிதாக ஒட்டும் காலம் ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையாகும். நாளொன்றுக்கு 15 நிமிடம் கையில் வைத்திருந்த குட்டிகளைவிட 40 நிமிடம் வைத்திருந்தவை கூடுதலாக ஒட்டின. ஆகவே குட்டிகளுக்கு முழுமையான பழக்கம் இலக்கு. பெட்டைக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அதன் இலக்கு மடியில் ஏறுவதல்ல, ஆட்கள் நடமாடும் அறையில் பயமின்றி இருப்பது. தாய்ப்பூனையைப் பழக்க முயல்வதில்லை என்றும், கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வெளிப்பூனையாகவே வாழவிடுவது என்றும் முடிவானது. வளர்ந்து முற்றிய வெருண்ட பூனையை அணைத்தே தீருவேன் என்று நிற்பது பூனைக்கும் ஆளுக்கும் வதையாகவே முடியும்.

அதனுடன் வீட்டுக்கு ஒரே சட்டம் போடப்பட்டது: எந்தப் பூனையையும் எவரும் எட்டிப் பிடிப்பதில்லை. சுவர் இடைவெளியைப் பலகையால் அடைத்துவிட்டால் விரைவில் பழகும் என்று தகப்பனார் கருதினார். அது திறந்தே இருக்க வேண்டும் என்றேன். போக வழி இருக்கிறது என்று தெரிந்த பூனை நின்று பார்க்கும், வழி அடைபட்ட பூனை பாய்ந்து கடிக்கும்.

குட்டிகள்

குட்டிகள் ஐந்து வாரத்தை நெருங்கித் திட உணவைத் தேடத் தொடங்கியபோது தாய்ப்பூனை தானே அவற்றைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தது. நெல்லறையின் மூலையில் பழைய சேலை விரித்த மரப்பெட்டியும், அவித்து முள் நீக்கிய சூடைமீனும் வைக்கப்பட்டிருந்தன. பெட்டிக்கு எதிர் மூலையில் ஒரு பழைய பேசினில் காய்ந்த ஆற்றுமணல் போட்டு நாள்தோறும் அள்ளி மாற்றினர். உப்பும் தூளும் வெங்காயமும் சேர்ந்த கறிச்சோறு கொடுக்கப்படவில்லை. வெங்காயம் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். பசுப்பால் வயிற்றோட்டத்தை உண்டாக்கியதால் அதுவும் நிறுத்தப்பட்டது.

தாய்ப்பூனை வேட்டைக்குப் போகும் காலையிலும் மாலையிலும் மட்டுமே குட்டிகள் தொடப்பட்டன. முதலில் விரல் நுனியில் மீன் கூழைத் தடவி நக்க விடுவது, பின்னர் நக்கும்போதே மறுகையால் கன்னத்தைத் தடவுவது, பின்னர் மடியில் வைத்து ஊட்டுவது என்று படிப்படியாகப் போயிற்று. மூத்த மகள் மட்டும் செய்தால் குட்டி அவளை மட்டுமே நம்பும் என்பதால் அம்மம்மாவும் தகப்பனாரும், ஊசிகள் போட்டுக்கொண்டிருந்த இளைய மகனும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, முறை வைத்துத் தூக்கினர். செம்மஞ்சள் குட்டிகள் இரண்டும் சில வாரங்களிலேயே ஆளைக் கண்டதும் வாலை உயர்த்தி ஓடி வந்தன. மூன்று நிறக் குட்டி ஒன்பதாம் வாரம் வரை சீறியது. அதனைத் தனியே எடுத்து, தலை மட்டும் வெளியே தெரியத் துணியில் சுற்றி, அம்மம்மாவின் மடியில் வைத்துக்கொண்டே அவர் அரிசி புடைத்தார். ஓசைக்கும் அசைவுக்கும் பழகிய பிறகு அதுவும் அடங்கியது.

கறுப்பு வெள்ளைப் பெட்டை

இதன் பொறுப்பு அம்மம்மாவிடம் விடப்பட்டது. பழக்குபவரைப் பூனையே தெரிந்தெடுத்திருந்தது என்பதே காரணம். அவர் தேங்காய் துருவும் நேரமே சாப்பாட்டு நேரமாக்கப்பட்டது. நாள் முழுதும் கிடக்கும்படி உணவு வைப்பது நிறுத்தப்பட்டு, காலையும் மாலையும் குறித்த நேரத்தில் வைக்கப்பட்டது, பட்டினி போடப்படவில்லை. வயிறு நிரம்பினால் எலி பிடிக்காது என்ற கவலை பலருக்கு உண்டு. பசி இல்லாத பூனையும் வேட்டையாடும் என்பதை இந்த வீட்டாரும் கண்டனர்.

சிரட்டையில் மீன் வைத்து, பூனை முன்னர் வந்து உட்கார்ந்த வாசற்படியிலேயே முதல் வெண்கட்டிக் கோடு போடப்பட்டது. அங்கே காது நிமிர்ந்து, வால் தளர்ந்து, இடையில் தலை தூக்கிப் பாராமல் சாப்பிட்டு முடிக்கும் வரை சிரட்டை நகர்த்தப்படவில்லை. அப்படிச் சாப்பிட்ட பின்னரே ஒரு சாண் அம்மம்மாவை நோக்கி அடுத்த கோடு போடப்பட்டது. மறுநாள் பூனை தயங்கினால் கோடு பின்னுக்குப் போகும். அது சாப்பிடும்போது எவரும் எழும்புவதில்லை. அதற்கும் சுவர் இடைவெளிக்கும் குறுக்கே எவரும் நடப்பதில்லை. இத்தனை ஒழுங்கையும் ஐந்து பேர் கைக்கொண்டதே இந்த நிகழ்வின் மிகக் கடினமான பகுதி. அதில் தவறாமல் நின்றவன் இளைய மகன்.

உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். அதனால் பார்வை சந்தித்தால் கண்ணை மெல்ல மூடி மெல்லத் திறக்கும்படி சொல்லிக் கொடுத்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு கண்சிமிட்டிய பின்னர் கை நீட்டியபோது பூனைகள் நெருங்கி வருவது கூடியிருந்தது. சித்திரை நடுப்பகுதியில் பெட்டையும் அம்மம்மாவுக்குப் பதிலாகக் கண்ணை மெல்ல மூடியதாகக் கொப்பியில் குறிக்கப்பட்டுள்ளது.

முதல் தொடுகை கையால் நிகழவில்லை. தென்னீர்க்கின் நுனியில் கோழி இறகு கட்டி மூத்த மகள் தரையில் இழுத்து விளையாட்டுக் காட்டினாள். பூனை இறகைத் துரத்தி இளைத்துப் படுத்தபோது அதே இறகு கன்னத்தைத் தொட்டது. சில நாட்களின் பின் ஈர்க்குப் பாதியாக ஒடிக்கப்பட்டது, பின்னர் இன்னும் குறுகியது. இறுதியில் மடித்த விரல் மூட்டு இறகு தொட்ட அதே இடத்தைத் தொட்டது. தலைக்கு மேலாகக் கை வரவே இல்லை.

வைகாசிப் பின்னடைவு

வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்காக உறவினர்கள் வந்து வீடு நிறைந்தது. வந்த இளைஞர் ஒருவர் பெட்டை அம்மம்மாவின் அருகே இருப்பதைக் கண்டு, பழகிய பூனை என எண்ணிப் பிடரியில் பிடித்துத் தூக்கினார். அவரது கை கீறுப்பட்டது. அவரும் வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. பூனை மூன்று நாட்கள் காணாமற் போய்த் திரும்பியபோது பீப்பாவின் பின்னாலேயே கிடந்தது.

தகப்பனார் இது வீண்வேலை என்றார். கோடு மீண்டும் வாசற்படியிலிருந்து போடப்பட்டது. முதல் முறை இரண்டு மாதங்களுக்கு மேல் எடுத்த தூரத்தை இம்முறை பூனை மூன்று வாரங்களுக்குள் கடந்தது. பயம் திரும்பினாலும் அம்மம்மாவைப் பற்றிப் பூனை அறிந்திருந்தது அழியவில்லை.

கருத்தடை

குட்டிகள் பால் மறந்த பின்னர் தாய்ப்பூனைக்கு நாள் குறிக்கப்பட்டது. பாலூட்டும் காலத்திலேயே பூனை மீண்டும் சினைப்படும்; சினைக்காலமோ ஏறத்தாழ ஒன்பது வாரமே. ஒட்டுவேலைக் கடை ஒன்றில் கம்பிவலையால் பொறிக்கூடு செய்விக்கப்பட்டு, கதவு விழாதபடி கட்டி, உள்ளே மீன் வைத்துக் குசினிப் பின்புறத்தில் பல நாட்கள் விடப்பட்டது. பூனைகள் உள்ளே போய்ச் சாப்பிட்டு வரப் பழகிய பின்னரே கட்டு அவிழ்க்கப்பட்டது. அகப்பட்டதும் கூட்டின் மேல் சாக்கு போர்த்தப்பட்டது. இருட்டில் பூனை மோதுவதை நிறுத்திவிடும்.

கூட்டை வைத்ததும் தூக்கியதும் தகப்பனார் மட்டுமே. அம்மம்மாவும் மகளும் அந்தப் பக்கமே போகவில்லை. ஊட்டும் கையும் பிடிக்கும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அதன் பயன் ஆனியில் தெரிந்தது: சத்திரசிகிச்சை முடிந்து திரும்பிய பெட்டை ஒரு வாரத்துக்குள் பழைய கோட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் அந்தச் சத்திரசிகிச்சையின்போதே அது சினைப்பட்டிருந்ததை மிருக வைத்தியர் கண்டார். இரண்டு பூனைகளுக்கும் விசர்நோய்த் தடுப்பூசி அப்போதே போடப்பட்டது. குட்டிகளுக்கு மூன்று மாதம் நிறைந்தபின் போடப்பட்டது.

வீடு திரும்பிய பெட்டை சோர்ந்து கிடந்ததைக் கண்டு அம்மம்மா பனடோல் துண்டொன்று கொடுக்கக் கேட்டார். பனடோல் பூனைக்கு நஞ்சு, சிறு துண்டும் உயிரை எடுக்கும். தெள்ளுக்காக மாட்டு உண்ணி மருந்தை அடிக்கும் யோசனையும் இதே காரணத்தால் தடுக்கப்பட்டது. அவற்றில் பலவற்றில் உள்ள, பெர்மெத்ரின் போன்ற பூச்சிகொல்லிகள் பூனைக்கு ஆகாது.

விளைவு

ஓராண்டின் பின்னர் செம்மஞ்சள் குட்டிகள் இரண்டும் உறவினர் வீடுகளில் இருந்தன. மூன்று நிறக்குட்டி வீட்டோடு நின்றது; பிள்ளைகள் தூக்கினால் உடலைத் தளரவிடும், அந்நியரைக் கண்டால் ஒதுங்கும். தாய்ப்பூனை குசினிப் படியில் சாப்பிட்டுவிட்டு வயலுக்குப் போய் வரும். எவரும் அதனைத் தொட்டதில்லை, அது எவரையும் பிறகு கடித்ததுமில்லை. புதிய ஈற்று இல்லை. மகனுக்குத் தடுப்பூசிகள் உரிய முறையில் முடிந்தன.

கறுப்பு வெள்ளைப் பெட்டை அம்மம்மாவும் மூத்த மகளும் கன்னத்தைத் தடவ விடுகின்றது. மற்றவர்கள் அருகே நடந்தால் எழும்பாமல் படுத்திருக்கின்றது. மடியில் ஏறியதில்லை, தூக்க விட்டதில்லை, விருந்தினர் வந்தால் இன்றும் பீப்பாவின் பின்னால் போகும். இதனை அரைகுறை வெற்றி என்று உறவினர் சிலர் கூறினர். பகல் வெளிச்சத்தில், ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்கும் விறாந்தையின் நடுவில், வயிறு தெரியப் படுத்துறங்கும் பூனைக்கு இதைவிட வேறு என்ன தேவை என்பது எனக்கு விளங்கவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதேபோன்ற வீட்டில் மீண்டும் தொடங்குவதானால் முதலில் செய்ய வேண்டியது கருத்தடை. பெட்டைப்பூனை நான்கு மாதத்திலிருந்தே சினைப்படக் கூடும் என்பதால், ஐந்து மாதப் பெட்டையைப் பங்குனியிலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். பழக்கம் அதற்காகக் காத்திருக்கலாம். பொறிக்கூட்டையும் முதல் வாரத்திலேயே செய்வித்துக் கதவு கட்டிய நிலையில் வைத்துவிடலாம். திருவிழாவுக்கும் செத்தவீட்டுக்கும் ஆட்கள் கூடும் நாட்களில் வெருண்ட பூனைக்கென ஓர் அறை பூட்டப்பட்டு, திறப்பு வீட்டார் ஒருவரின் மடியில் இருக்க வேண்டும். வருவோரிடம் சொல்லி வைப்பது மட்டும் போதாது.

தடுப்பூசி நாட்களை மறவாமலிருக்க ஒரு வழியை மூத்த மகளே கண்டாள். வீட்டு மாடுகளுக்கு ஊசி போட்ட திகதிகளை எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று பூனைகளுக்கும் தனித்தனி வரிசை போட்டு, அடுத்த ஆண்டு ஊசியின் மாதத்தையும் எழுதி வைத்திருக்கின்றாள்.